உட்காருவதை அளக்காத சட்டம்

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் ஐந்தாம் முனையத்துக்கு அனுமதி வழங்கப்பட்டபோது, ஓராண்டில் அங்கே வந்துபோகும் விமானங்களின் எண்ணிக்கை 4,80,000ஐத் தாண்டக்கூடாது என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. இரண்டே ஓடுபாதைகளைக் கொண்ட அந்நிலையம், பெருந்தொற்றுக் காலம் நீங்கலாக, நெடுங்காலமாகவே அந்த உச்சவரம்பை உரசியபடி இயங்கிவருகிறது. ஆயினும் 2000ஆம் ஆண்டில் சுமார் 6.46 கோடியாக இருந்த பயணிகளின் எண்ணிக்கை 2024இல் 8.39 கோடியாக உயர்ந்தது. விமானங்களின் எண்ணிக்கை பெரிதும் மாறாதிருக்கப் பயணிகள் மட்டும் இரண்டு கோடிக்கு நெருக்கமாகக் கூடியதற்குக் காரணங்கள் மூன்று: சிறிய விமானங்களின் இடத்தைப் பெரியவை பிடித்தன, காலியாகப் பறந்த இருக்கைகள் குறைந்தன, ஒரே அளவுள்ள விமானத்துக்குள் முன்பைவிட அதிக இருக்கைகள் பொருத்தப்பட்டன. முதலிரண்டும் யாருக்கும் நட்டமில்லாத முன்னேற்றங்கள். மூன்றாவதற்கான விலையைப் பயணியின் முழங்கால் கொடுக்கிறது.

இருக்கைகள் நெருக்கப்படுவதற்கு விமான நிறுவனங்களின் பேராசையே காரணம் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் அது பாதி உண்மைதான். ஹீத்ரோவில் குறிப்பிட்ட நேரத்தில் தரையிறங்கவும் புறப்படவும் நிறுவனங்களுக்கு ஒதுக்கப்படும் உரிமை, நகரத்தின் நடுவிலுள்ள மனையைப் போல விற்று வாங்கப்படும் சொத்தாகிவிட்டது. 2016இல் அத்தகைய ஒரு சோடி உரிமைக்கு ஓமன் ஏர் 7.5 கோடி டாலர் கொடுத்ததாகச் செய்திகள் வெளியாயின. ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் அடியில் இவ்வளவு முதலீடு புதைந்திருக்கையில், விமானத் தரையின் ஒவ்வொரு அங்குலமும் வருவாய் ஈட்டியாக வேண்டும் என்ற கணக்கு தானாகவே எழுகிறது. ஒற்றை ஓடுபாதையை வைத்துக்கொண்டு உலகின் பரபரப்பான நிலையங்களுள் ஒன்றாக இயங்கும் காட்விக்கிலும் நிலைமை இதுவே. லண்டன் தன் வானத்துக்கு எல்லை வகுத்தது. அந்த எல்லைக்குள் நிகழ வேண்டிய வளர்ச்சி விமானத்தின் உட்புறத்தை நோக்கித் திரும்பியது.

இங்கே ஓர் அளவைக் குறித்த விளக்கம் தேவைப்படுகிறது. விமானத் துறையில் ‘பிட்ச்’ என்று வழங்கும் இருக்கை இடைவெளி, ஓர் இருக்கையின் ஏதேனும் ஒரு புள்ளியிலிருந்து அதற்கு முன்னுள்ள இருக்கையின் அதே புள்ளி வரையிலான தூரத்தைக் குறிக்கும். இந்தத் தூரத்துக்குள் முன்னிருக்கையின் முதுகுப்பலகைத் தடிமனும் அடங்கிவிடுவதால், இடைவெளி 29 அங்குலம் என்று சொல்வது பயணிக்கு 29 அங்குல இடம் கிடைக்கும் என்று பொருள்படாது. முதுகுப்பலகையை மெலிதாக்கினால் இடைவெளியைக் குறைத்தபோதும் முழங்காலுக்கு முன்பிருந்த வெளி அப்படியே இருக்கும் என்பது நிறுவனங்களின் வாதம்; அதில் உண்மையுண்டு. ஆனால் திண்டின் கனம் குறைந்த இருக்கையில் இரண்டு மணி நேரம் கழிந்தபின் இடுப்பு என்ன சொல்லும் என்பதற்கு எந்த அட்டவணையிலும் இடமில்லை.

பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2017இல் தன் குறுந்தூர ஏர்பஸ் 320 விமானங்களில் இரண்டு வரிசைகளைக் கூட்டி இருக்கைகளை 180 ஆக்கத் திட்டமிட்டபோது, அதன் இடைவெளி 29 அங்குலமாகச் சுருங்கி, மலிவுக்குப் பேர்போன ரையன்ஏரின் 30 அங்குலத்தைவிடவும் குறைவானது என்பது லண்டன் நாளேடுகளுக்குப் பல நாள் தீனியாயிற்று. லூட்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸிஜெட், விமானத்தின் பின்பகுதியிலுள்ள சமையல் மேடையையும் கழிவறைகளையும் இறுக்கி அமைத்ததன் வழியாக, அதே வகை விமானத்தில் 186 இருக்கைகளை எட்டியது. சாய்க்கும் பொறியே இல்லாத இருக்கைகளை மோனார்க் நிறுவனம் 2014இல் கொண்டுவந்தது. 2017 அக்டோபரில் அந்நிறுவனம் நொடித்தது. அதன் இருக்கை வழக்கமோ பிற நிறுவனங்களின் குறுந்தூர விமானங்களில் வேரூன்றிவிட்டது.

இருக்கைகளின் எண்ணிக்கை உண்மையில் எவற்றுக்குக் கட்டுப்படுகிறது என்பதை ஈஸிஜெட் 2022 கோடையில் தற்செயலாக வெளிப்படுத்தியது. ஐம்பது இருக்கைகளுக்கு ஒரு விமானப் பணியாளர் வீதம் இருந்தாக வேண்டும் என்பது விதி. பணியாளர் தட்டுப்பாடு முற்றியபோது, 156 இருக்கைகள் கொண்ட தன் ஏர்பஸ் 319 விமானங்களின் கடைசி வரிசையைக் கழற்றி 150 ஆக்கினால் நால்வருக்குப் பதில் மூவர் போதும் என்று அந்நிறுவனம் கணக்கிட்டு அவ்வாறே செய்தது. ரையன்ஏர் வாங்கிய போயிங் 737 மேக்ஸ் ரகத்தில் 197 இருக்கைகள் இருப்பதையும் இந்த விதியோடு சேர்த்துப் பார்க்கலாம்: 200ஐத் தாண்டினால் ஐந்தாவது பணியாளருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், அவசரகால வெளியேற்றத்துக்காகக் கூடுதலாக ஒரு சோடி கதவுகளும் அவ்விமானத்தில் வைக்கப்பட்டன. பணியாளர் விதியும் கதவு விதியும் சட்டத்தில் எண்களாக இருப்பதால் வரிசைகள் அவற்றுக்கு அடங்கி நிற்கின்றன. முழங்காலுக்கு அப்படி ஓர் எண் வலுவாக இருந்திருந்தால் அதற்கும் அடங்கியிருக்கும்.

நெருக்கி உட்காரவைப்பது அண்மைக் காலக் கண்டுபிடிப்பும் அன்று. 1970களின் தொடக்கத்தில் லூட்டனிலிருந்து ஸ்பெயினின் கடற்கரைகளுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச்சென்ற கோர்ட் லைன் நிறுவனம், சமையல் மேடையின் இடத்தையும் இருக்கையாக மாற்றும் நோக்கில், ஒவ்வொரு இருக்கையின் முதுகிலும் இரண்டு சிறு அறைகளை அமைத்து உணவை முன்கூட்டியே அவற்றில் வைத்தது. ஒன்று போகும் பயணிக்கு, மற்றது அதே இருக்கையில் திரும்பிவரும் பயணிக்கு. பூட்டியிருந்த இரண்டாவது அறையைத் திறக்கும் வித்தையைப் போகும் பயணிகள் கற்றுக்கொண்டதால், திரும்பிவந்தவர்களில் சிலர் பட்டினி கிடக்க நேர்ந்தது. 400 பேர் அமரும் டிரைஸ்டார் விமானங்களை 1973இல் இறக்கிய அந்நிறுவனம் 1974 ஆகஸ்டில் திவாலானது. அதன் விமானங்களில் போனவர்களின் பயணம் இரண்டரை மணி நேரம். அன்றைய சுற்றுலா விமானத்தின் நெருக்கத்தை இன்று பதினொரு மணி நேரப் பயணத்துக்கும் நீட்டியிருப்பதே இப்போதைய சிக்கல்.

நெடுந்தூர விமானங்களில் இந்த நெருக்கடி நீளத்தைவிட அகலத்தில்தான் அதிகம் உறைக்கிறது. போயிங் 777 அறிமுகமான காலத்தில் சாதாரண வகுப்பில் வரிசைக்கு ஒன்பது இருக்கைகள் என்பதே பொது வழக்காக இருந்தது. ஒன்பது என்றால் ஒவ்வோர் இருக்கையும் ஏறத்தாழ 18 அங்குல அகலம் பெறும், பத்து என்றால் 17 அங்குலத்துக்கு இறங்கும். எமிரேட்ஸ் தொடக்கத்திலிருந்தே பத்தைத் தேர்ந்துகொண்டது. மற்றவை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் காட்விக் 777 விமானங்களுக்கு 2016 இறுதியில் அறிவித்த மாற்றத்தின்படி வரிசைக்குப் பத்து என்றானபோது ஒரு விமானத்தில் ஏறத்தாழ ஐம்பது இருக்கைகள் கூடின. போயிங் 787இன் கதை இன்னும் விசித்திரமானது. வரிசைக்கு எட்டு என்ற வசதியான அமைப்பை முன்னிறுத்தியே அந்த விமானம் விளம்பரப்படுத்தப்பட்டது; வாங்கிய நிறுவனங்களில் ஜப்பான் ஏர்லைன்ஸ் போன்ற மிகச் சிலவற்றைத் தவிர அனைத்தும் ஒன்பதையே பொருத்தின.

இந்த ஓர் அங்குல வேறுபாட்டை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று லண்டனிலேயே நடந்தது. 2013இல் ஏர்பஸ் நிறுவனத்துக்காக, ஹார்லி தெருவிலுள்ள லண்டன் உறக்க ஆய்வு மையம், 17 அங்குல இருக்கையில் உறங்குவோரையும் 18 அங்குல இருக்கையில் உறங்குவோரையும் ஒப்பிட்டு, அகலமான இருக்கையில் உறக்கத்தின் தரம் 53 விழுக்காடு மேம்படுவதாகக் கண்டது. 18 அங்குலத்தை உலகத் தரமாக்க வேண்டும் என்று ஏர்பஸ் அப்போது அறைகூவல் விடுத்தது. தன் விமானத்தின் உடல்வாகு போட்டியாளரின் விமானத்தைவிட அந்த அளவுக்கு ஏற்றதாக இருந்ததே அதன் அக்கறைக்குக் காரணம் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. சில ஆண்டுகளுக்குள்ளாகவே ஏர்பஸ் 380இல் வரிசைக்குப் பதினொன்று, ஏர்பஸ் 350இல் வரிசைக்குப் பத்து ஆகிய அமைப்புகளை அதே நிறுவனம் வாடிக்கையாளர்கள் முன் வைத்தது. உற்பத்தியாளரின் தன்னார்வத் தரத்தை நம்பிப் பயனில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அப்படியென்றால் சட்டம் என்ன செய்தது என்ற கேள்வி எழுகிறது. உலகில் பயணியின் இருக்கைக்குக் குறைந்தபட்ச இடம் இவ்வளவு என்று முதன்முதலில் எண்ணால் எழுதிவைத்த நாடுகளில் பிரிட்டன் முதன்மையானது. அதற்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் இருக்கிறது. 1985 ஆகஸ்ட் 22 அன்று மான்செஸ்டரிலிருந்து கிரேக்கத் தீவான கோர்ஃபுவுக்குப் புறப்பட ஓடத் தொடங்கிய பிரிட்டிஷ் ஏர்டூர்ஸ் நிறுவனத்தின் போயிங் 737 விமானத்தில் இடப்பக்க எஞ்சின் வெடித்து, சிதறிய பகுதி எரிபொருள் தொட்டியைத் துளைத்தது. விமானம் தரையைவிட்டு எழவில்லை. ஓட்டத்தை நிறுத்திப் பக்கத்துப் பாதையில் திரும்பி நின்றது. இருந்தும், அதிலிருந்த 137 பேரில் 55 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது தீக்காயம் அன்று, நச்சுப் புகை. கதவுகளை நோக்கி நகர முடியாமல் இருக்கைகளுக்கு நடுவிலும் நடைவழியிலும் அடைபட்டவர்கள் அவர்கள்.

இந்த விபத்துக்குப் பின் லண்டனுக்கு வடக்கே கிரான்ஃபீல்டு தொழில்நுட்ப நிறுவனத்தில் பேராசிரியர் ஹெலன் மியூர் நடத்திய சோதனைகள் விமானப் பாதுகாப்பு வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றவை. பறக்காத ஒரு டிரைடன்ட் விமானத்துக்குள் தன்னார்வலர்களை ஏற்றி, முதலில் வெளியேறும் பாதிப் பேருக்குத் தலா ஐந்து பவுண்ட் பரிசு என்று அறிவித்தார் அவர். ஒழுங்காக வரிசையில் இறங்கும் சோதனைகளில் தென்படாத நெரிசலும் அடைப்பும், அந்தச் சிறு தொகைக்கான போட்டியில் அப்படியே வெளிப்பட்டன. இறக்கை மேல் திறக்கும் அவசர வழிக்கு அருகிலுள்ள வரிசைகளை எவ்வளவு விலக்கி வைக்க வேண்டும் என்பதற்கு அதிலிருந்தே விடை கிடைத்தது. உயிருக்கு அஞ்சும் கூட்டத்தின் நடத்தையை ஐந்து பவுண்டால் வரவழைத்த அந்த யோசனையின் கூர்மை வியக்கத்தக்கது.

அந்தச் சீர்திருத்தங்களின் வரிசையில், சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் 1989 மார்ச்சில் ‘விமானத் தகுதி அறிவிப்பு எண் 64’ என்ற ஆணையைப் பிறப்பித்தது. இருக்கையின் முதுகுத் திண்டிலிருந்து முன்னிருக்கையின் பின்புறம் வரை குறைந்தது 26 அங்குலமும், இருக்கைக்கும் முன்னிருக்கைக்கும் நடுவே உடல் நுழைந்து நகர 7 அங்குலமும், எழுந்து நடைவழிக்கு வரும் பாதையில் மேலிருந்து பார்க்கும்போது தடையின்றித் தெரிய வேண்டிய இடமாக 3 அங்குலமும் இருக்க வேண்டும் என்று அது வரையறுத்தது. முதுகுப்பலகையின் தடிமனைக் கழித்துவிட்டு, பயணிக்கு மெய்யாகவே மிஞ்சும் வெளியை அளந்ததால், விளம்பரங்களில் வரும் இடைவெளிக் கணக்கைவிட இது நேர்மையான அளவு. ஆனால் அதன் நோக்கம் ஒன்றே ஒன்றுதான்: எழுந்து வெளியேற முடிகிறதா என்பது. பதினொரு மணி நேரம் உட்கார முடிகிறதா என்ற கேள்வியை அது எழுப்பவே இல்லை. பாதுகாப்பை மட்டுமே கவனிக்கப் பணிக்கப்பட்ட ஆணையம் அதை எழுப்பவும் இயலாது.

அந்த எண்ணும்கூட விரைவில் காலத்துக்குப் பின்தங்கியது. இங்கிலாந்தில் 1993இல் ஏறத்தாழ 15 விழுக்காட்டினராக இருந்த உடற்பருமன் கொண்ட வயதுவந்தோர், 2019இல் 28 விழுக்காட்டினர் ஆயினர். ஆணையமே கேட்டுப் பெற்று 2001இல் வெளியான மனித உடல் அளவியல் ஆய்வு, லஃபரோ நகரின் வல்லுநர்களால் நடத்தப்பட்டது. 26 அங்குலத்தைக் குறைந்தது 28.2 அங்குலமாக உயர்த்த வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டளவில் நின்றது. 2003 முதல் விமானத் தகுதி விதிகளை வகுக்கும் அதிகாரம் ஐரோப்பிய ஒன்றியத்தின் விமானப் பாதுகாப்பு முகமைக்குப் போனது. இருக்கைக்குக் குறைந்தபட்ச இடம் என்ற எண் ஐரோப்பிய விதிகளில் இடம்பெறவில்லை. தொண்ணூறு நொடிகளுக்குள், பாதிக் கதவுகள் மூடிய இருளில், அனைவரும் வெளியேறிக் காட்டினால் போதும் என்பதே அங்கே அடிப்படை. 2006 மார்ச்சில் ஹாம்பர்க் நகரில் ஏர்பஸ் 380இலிருந்து 873 பேர் 78 நொடிகளில் இறங்கிக் காட்டினர். நலமுள்ளவர்கள், முன்னறிவிப்போடு வந்தவர்கள், கைப்பை எடுக்க நிற்காதவர்கள்.

உட்கார்ந்தே இருப்பது உயிரைப் பறிக்கக்கூடும் என்பதை விமானங்களுக்கு முன்பே லண்டன் அறிந்திருந்தது. 1940இன் இறுதி மாதங்களில் ஜெர்மானியக் குண்டுவீச்சுக்கு அஞ்சி மக்கள் இரவெல்லாம் பதுங்கிடங்களில், கித்தான் துணி கட்டிய சாய்வு நாற்காலிகளில் உட்கார்ந்து கழித்தபோது, நுரையீரல் இரத்தக்குழாய் அடைத்து இறப்போரின் எண்ணிக்கை கூடியதைக் கவனித்த தடயவியல் மருத்துவர் கீத் சிம்ப்சன், நாற்காலியின் முன்சட்டம் தொடைக்கடியில் அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தடுப்பதே காரணம் என்று ‘லான்செட்’ இதழில் எழுதினார். பதுங்கிடங்களில் படுக்க அடுக்குக் கட்டில்கள் போடப்பட்டன. ஆழ்சிரை இரத்த உறைவு என்று மருத்துவம் இதைக் குறிப்பிடுகிறது. காலின் உட்புறச் சிரைகளில் குருதி கட்டியாகி, அக்கட்டி பிரிந்து நுரையீரலுக்குச் செல்வதே அதன் கொடிய வடிவம்.

நீண்ட விமானப் பயணத்தின் முடிவில் இத்தகைய மரணங்கள் செய்தியானபோது, பிரபுக்கள் சபையின் அறிவியல் தொழில்நுட்பக் குழு 2000 நவம்பரில் விமானப் பயணமும் உடல்நலமும் குறித்து விரிவான அறிக்கை வெளியிட்டது. பயணியின் உடல்நலம் அரசின் எந்தக் கையின் பொறுப்பு என்பதே தெளிவாக இல்லை என்பது அதன் முதன்மையான கவலை. நீதிமன்றம் வேறு வழியில் சென்றது. உறைவால் பாதிக்கப்பட்டவர்களும் இறந்தவர்களின் குடும்பத்தினரும் தொடுத்த கூட்டு வழக்கில், 2005 டிசம்பர் 8 அன்று பிரபுக்கள் சபை நீதிபதிகள், 1929ஆம் ஆண்டு வார்சா உடன்படிக்கையின்படி விமான நிறுவனம் இழப்பீடு தர வேண்டுமெனில் ‘விபத்து’ நிகழ்ந்திருக்க வேண்டும், எதிர்பாராத வெளி நிகழ்வு ஏதுமின்றி வழக்கம்போல் நடந்த பயணத்தில் உறைவு ஏற்படுவது விபத்தாகாது என்று தீர்ப்பளித்தனர். அந்த உடன்படிக்கைக்கு வெளியே பொதுச் சட்டத்தின்கீழ் வழக்காடவும் வழியில்லை என்பது 1996லேயே முடிவாகியிருந்தது. சட்ட நுட்பத்தில் தீர்ப்பு சரியானதே. ஆனால் அதன் விளைவு கவனிக்கத்தக்கது: இருக்கை எவ்வளவு குறுகினாலும், அது எல்லோருக்கும் ஒரே சீராகக் குறுகும் வரை, விபத்து என்ற வரையறைக்குள் வராது.

இந்த நோயை இருக்கை இடைவெளியோடு மட்டும் முடிச்சுப் போடுவது அறிவியலுக்கு நியாயம் செய்வதாகாது. அசைவின்மையே முதற்காரணம், பிசினஸ் வகுப்பில் சென்றவர்களுக்கும் பேருந்தில் சென்றவர்களுக்கும் அது நேர்ந்திருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு முடிவுகளின்படி நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் ஆபத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்குகிறது; எனினும் நலமுள்ளவருக்கு அது ஆறாயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவிலேயே நிற்கிறது. அதே ஆய்வுத் திட்டத்தின் இன்னொரு முடிவு தமிழர்களின் கவனத்துக்கு உரியது: 190 சென்டிமீட்டருக்கு மேல் உயரமானவர்களுக்கு மட்டுமல்ல, 160 சென்டிமீட்டருக்குக் குறைவானவர்களுக்கும் விமானப் பயணத்தில் ஆபத்து கூடுதலாகக் காணப்பட்டது. பாதம் தரையில் ஊன்றாத நிலையில் இருக்கையின் விளிம்பு தொடைக்கடியில் அழுத்துவதே விளக்கம் என்று கருதப்படுகிறது. சிம்ப்சன் கண்ட நாற்காலிச் சட்டத்தின் வேலையை இங்கே திண்டின் விளிம்பு செய்கிறது. கால் வைக்கும் இடம் என்பது நெட்டையான ஐரோப்பிய ஆண்களின் புகார் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் டூட்டிங்கிலும் வாழும் பிள்ளைகளைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வரும் முதிய தாய்மாரில் 160 சென்டிமீட்டரைத் தொடாதவர்களே மிகுதி. நீரிழிவும் மூட்டுவலியும் உள்ள இவர்கள், கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ நேராக வந்தால் பத்துப் பதினொரு மணி நேரமும், துபாய் அல்லது தோஹா வழியாக வந்தால் அதைவிட நெடுநேரமும் அதே இருக்கையமைப்புக்குள் இருக்கிறார்கள். சன்னல் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டால், உறங்கும் இரண்டு அந்நியர்களை எழுப்பிக் கடந்து செல்லக் கூசி, தண்ணீர் குடிப்பதையே தவிர்த்துவிடும் வழக்கம் அவர்களிடையே உண்டு.

மறுதரப்பு வாதத்தை மேலோட்டமாக ஒதுக்கிவிட முடியாது. ஃப்ரெடி லேக்கர் 1977 செப்டம்பரில் காட்விக்கிலிருந்து நியூயார்க்குக்கு 59 பவுண்டில் 345 இருக்கைகளோடு ‘ஸ்கைட்ரெயின்’ சேவையைத் தொடங்கும் வரை, அட்லாண்டிக்கைக் கடப்பது வசதி படைத்தவர்களின் அனுபவமாகவே இருந்தது. அவர் 1982இல் நொடித்தார் என்றாலும், இடத்தைக் குறைத்துக் கட்டணத்தைக் குறைப்பது மக்களுக்கு வேண்டியதுதான் என்பதை நிறுவிவிட்டார். புலம்பெயர்ந்த குடும்பங்கள் ஊர்த் திருவிழாவுக்கும் சாவு வீட்டுக்கும் போய்வர முடிவது அந்த மாற்றத்தால்தான். சூழலியல் வாதமும் வலுவானது: ஒரே எரிபொருளை அதிகம் பேர் பகிர்ந்துகொண்டால் ஒருவருக்கான கரியமிலப் பங்கு குறையும், பிரிட்டிஷ் அரசின் கணக்கீட்டு முறையே நெடுந்தூர பிசினஸ் வகுப்புப் பயணிக்குச் சாதாரண வகுப்புப் பயணியைப் போல ஏறத்தாழ 2.9 மடங்கு உமிழ்வைப் பதிகிறது. ஆனால் இந்த வாதத்தை முன்வைக்கும் நிறுவனங்கள் அதே விமானத்தின் முன்பாதியில் படுக்கையாக விரியும் இருக்கைகளை இன்னும் அகலமாக்கிக்கொண்டே போவதால், அவர்களின் சூழல் அக்கறை திரைச்சீலைக்குப் பின்பக்கம் மட்டும் வேலை செய்வதாகத் தோன்றுகிறது.

உண்மையில் எவ்வளவு விலையில் எவ்வளவு இடம் கிடைக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 29 அங்குல இடைவெளியில் முப்பது வரிசைகளாக 180 இருக்கைகள் கொண்ட ஒரு விமானத்திலிருந்து ஒரேயொரு வரிசையை எடுத்துவிட்டால், மிஞ்சும் 29 வரிசைகளுக்கும் தலா ஓர் அங்குலம் கிடைக்கிறது. எல்லா இருக்கைகளும் விற்றுவிடும் என்று வைத்துக்கொண்டாலும், 60 பவுண்ட் கட்டணம் 62 பவுண்டைச் சற்றே தாண்டினால் நிறுவனத்தின் வருவாய் குறையாது. மெலிந்த முதுகுப்பலகையின் தடிமனைச் சேர்த்துப் பார்த்தால், 2001இன் பரிந்துரையான 28.2 அங்குலம் ஏறத்தாழ 30 அங்குல இடைவெளிக்குச் சமம். அதாவது, கேட்கப்படுவது அந்த ஒரு வரிசையே.

இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் ஓர் அங்குலத்தைச் சந்தை ஏன் தானாகவே வழங்கவில்லை என்ற கேள்விக்கு, பயணி விரும்பவில்லை என்ற விடையே வழக்கமாகச் சொல்லப்படுகிறது. விலைகளை ஒப்பிடும் இணையதளங்களில் கட்டணம் பெரிதாகத் தெரிகிறது. இருக்கையின் அளவு தெரிவதில்லை, அல்லது பல சொடுக்குகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அப்படியே தெரிந்தாலும் அது தடிமனை உள்ளடக்கிய இடைவெளிக் கணக்காகவே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத பண்டத்துக்கு யாரும் இரண்டு பவுண்ட் கூடுதலாகக் கொடுக்க மாட்டார்கள். ஓர் அங்குலம் கூட்டிய நிறுவனம் பட்டியலில் இரண்டு பவுண்ட் கீழே தள்ளப்படும். ஆகவே நல்லெண்ணம் கொண்ட நிறுவனமும் தனியாக முதலடி வைக்க முடியாது.

இதற்கிடையே, பிரிட்டனின் சட்டப் புத்தகத்தில் இருக்கை இடைவெளியைத் துல்லியமாக அளக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அது வரிச் சட்டத்தில் உள்ளது. 1994 நவம்பரில் தொடங்கிய விமானப் பயணி வரி, விமானத்தின் மிகத் தாழ்ந்த வகுப்பில் செல்வோருக்குக் குறைந்த வீதத்தில் விதிக்கப்படுகிறது. அந்த வகுப்பிலும் இடைவெளி 40 அங்குலத்தைத் தாண்டினால் சலுகை போய்விடும். முழுவதும் வணிகர்களுக்காகவே ஓடிய விமானங்கள் சலுகை வீதத்தில் தப்பிப்பதைத் தடுக்கச் சேர்க்கப்பட்ட விதி அது. இந்தியாவுக்குச் செல்லும் பயணி 2025 ஏப்ரலில் தொடங்கிய வரியாண்டில் சாதாரண வகுப்பில் 90 பவுண்டும், அதற்கு மேற்பட்ட எந்த வகுப்பிலும் 216 பவுண்டும் செலுத்தினார். முழங்கால் வலிக்காகச் சற்றே விரிந்த பிரீமியம் எகானமியை நாடும் ஓய்வூதியரும், கட்டில் விரித்துப் படுக்கும் நிறுவன அதிபரும் ஒரே வீதத்தில் வரி கட்டுகிறார்கள். அதிக இடத்துக்கு அரசு வரி வசூலிக்கிறது; குறைந்த இடத்துக்கு எவ்வித நிபந்தனையும் இன்றிச் சலுகை வழங்குகிறது.

(விலங்குகளின் நிலை இதைவிட மேல். பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதிகளின்படி, விமானத்தில் அனுப்பப்படும் நாய் தன் கூண்டுக்குள் நிற்கவும் திரும்பவும் இயல்பாகப் படுக்கவும் இடம் இருக்க வேண்டும்; ஹீத்ரோவில் வந்திறங்கும் விலங்குகளைக் கவனிக்க லண்டன் மாநகராட்சி தனி மையமே நடத்துகிறது.)

அமெரிக்கா காட்டிய பாதையும் ஊக்கமளிப்பதாக இல்லை. இருக்கைகள் சுருங்குவது பற்றிப் பயணிகள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விமானப் போக்குவரத்து நிர்வாகத்தைக் கண்டித்தது. 2018இல் நாடாளுமன்றம் ஓராண்டுக்குள் குறைந்தபட்ச அளவை வகுக்குமாறு சட்டம் இயற்றியது. நிர்வாகம் ஓக்லஹோமா நகரில் சோதனைகள் நடத்தி, இன்றைய இடைவெளிகள் வெளியேற்றத்தைத் தாமதப்படுத்தவில்லை என்றது. அச்சோதனைகளில் அறுபது வயதைக் கடந்தவர்களும் சிறுவர்களும் சேர்க்கப்படவில்லை. கெடு கடந்து ஆண்டுகள் பல ஆயின. வெளியேற்றத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் எந்த நாட்டிலும் விடை இப்படித்தான் அமையும்.

பிரிட்டனுக்கு இன்று புதிய சட்டம்கூடத் தேவையில்லை. 2000ஆம் ஆண்டு அறிக்கையின் தொடர்ச்சியாக, விமானத்திலுள்ளோரின் உடல்நலத்தைக் காப்பதற்கான பொதுக் கடமையை 2006ஆம் ஆண்டு சிவில் விமானப் போக்குவரத்துச் சட்டத்தின் எட்டாம் பிரிவு போக்குவரத்து அமைச்சரிடம் ஒப்படைத்தது. அதற்கு முன்பே 2003இல் ஆணையத்துக்குள் விமானப் பயண உடல்நலப் பிரிவு ஒன்றும் உருவாகியிருந்தது. 2020 இறுதியில் ஐரோப்பிய முகமையைவிட்டு விலகியபின், விதி வகுக்கும் அதிகாரமும் ஆணையத்திடமே திரும்பி வந்துவிட்டது. ஐரோப்பா கையைக் கட்டியிருக்கிறது என்ற சமாதானத்துக்கு இனி இடமில்லை. பரிந்துரையும் கையில் இருக்கிறது; இப்போதைய உடல் அளவுகளுக்கு ஏற்ப அதைப் புதுப்பித்தால் 28.2 என்பது கூடுமேயன்றிக் குறையாது. வரியின் குறைந்த வீதத்தை அந்த அளவைக் காக்கும் விமானங்களுக்கு மட்டும் உரியதாக்கினால், கருவூலத்தின் பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் 40 அங்குலத்துக்குக் கீழே இன்னோர் எண் சேரும், அவ்வளவே.

தடை ஒன்று இருப்பது மெய்தான். விமானத் தகுதி விதி பிரிட்டனில் பதிவான விமானங்களைத்தான் கட்டுப்படுத்தும்; ஸ்டான்ஸ்டெட்டிலிருந்து பறக்கும் ரையன்ஏர் விமானங்களில் மிகப் பெரும்பாலானவை அயர்லாந்து, மால்டா பதிவு பெற்றவை, வளைகுடா நிறுவனங்களைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் வரிக்குப் பதிவு நாடு ஒரு பொருட்டன்று. பிரிட்டிஷ் மண்ணிலிருந்து புறப்படும் பயணம் என்பதே போதும். வரிகளும் தவிர்க்க முடியாத கட்டணங்களும் சேர்ந்த இறுதி விலையைத் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும் என்று, ஐரோப்பியக் காலத்திலிருந்து பிரிட்டிஷ் சட்டத்தில் தொடரும் 2008ஆம் ஆண்டு விதி கூறுகிறதே, அதுவும் இங்கிருந்து புறப்படும் எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தும். அந்த விலைக்குப் பக்கத்தில், 1989இல் ஆணையம் அளந்த முறைப்படி, முதுகுத் திண்டிலிருந்து முன்னிருக்கை வரையிலான தூரத்தை அங்குலத்தில் அச்சிட வேண்டும் என்ற ஒரு வரியை அதே விதியில் சேர்க்க, போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு நாடாளுமன்றக் கூட்டத்தொடரே அதிகம்.